அளவுகோல் இல்லாத காலத்து வெற்றிகள்

2023 ஜூலை 19ஆம் தேதி இரவு, உறக்கம் வராமல் ஐரோப்பியக் கால்பந்து முடிவுகளைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு வரியைப் பிழை என்றே எண்ணிக் கடந்து சென்றேன். பிறகு மனம் கேளாமல் திரும்பி வந்து மறுபடி படித்தேன். ஃபெரென்ஸ்வாரோஷ் 0, கே.ஐ. கிளாக்ஸ்விக் 3. முதல் அணியை நான் அறிவேன். ஹங்கேரியின் சாம்பியன், மூன்றாண்டுகளுக்கு முன்னர், ஐரோப்பியக் கழகங்களின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீகின் தகுதிச்சுற்றுகளைத் தாண்டிக் குழுநிலையில் ஆடிய கழகம். இரண்டாவது பெயரை வரைபடத்தில் தேட வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, வட அட்லாண்டிக்கில் ஃபரோ தீவுகள் எனப்படும் 18 தீவுகள். அவற்றில் போர்டோய் என்னும் தீவில், மலைகளுக்கு நடுவே இரு விரிகுடாக்கள் ஏறத்தாழ ஒன்றையொன்று தொடுமிடத்தில், ஐயாயிரம் பேர் வாழும் ஒரு மீன்பிடித் துறைமுகம். அதுதான் கிளாக்ஸ்விக்.

அடுத்த சில வாரங்களில் அந்த அணியைப் பற்றி வந்த செய்திகள் அனைத்தும் ஒரே சுருதியில் ஒலித்தன. வேலைக்குப் போய்க்கொண்டே பந்தாடுபவர்கள், ஆடுகள் மேயும் மலைகள், ஓயாத மழை, சிறியவன் பெரியவனை வீழ்த்திய அதிசயம். பொய் என்று எதையும் சொல்ல முடியாது. அணியில் பலருக்கு உண்மையிலேயே பகலில் வேறு வேலை இருந்தது. ஆயினும் அச்செய்திகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஓர் எரிச்சல் ஏற்பட்டது. கே.ஐ. தன் மண்ணில் சிறிய அணியே அன்று. 1904இல் தோன்றி, நாட்டின் முதல் சாம்பியன் பட்டத்தை வென்று, தலைமுறை தலைமுறையாக மற்ற ஊர்க்காரர்கள் பொறாமையோடு பார்த்து வந்த கழகம் அது. வீட்டில் பெரியவராகவும் வாசலைத் தாண்டினால் முகம் தெரியாதவராகவும் ஒரே ஆள் இருக்க நேர்ந்தால் அவருடைய கணக்கு எப்படி எழுதப்படும் என்பதுதான் இந்தக் கழகத்தின் போட்டி வரலாற்றில் என்னைக் கட்டிப்போட்ட கேள்வி.

ஃபரோ தீவுகள் டென்மார்க்கின் முடியாட்சிக்குள் தன்னாட்சி பெற்ற நாடு. மக்கள்தொகை இன்று ஏறத்தாழ 54,000. அங்கே கால்பந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டது. தெற்கே சுடுரோய் தீவிலுள்ள த்வோரோயிரியின் டி.பி. கழகம் 1892இல் தொடங்கப்பட்டது. தலைநகர் தோர்ஷவ்னின் ஹெச்.பி. கழகமும் கிளாக்ஸ்விக்கின் கே.ஐ. கழகமும் ஒரே ஆண்டில், 1904இல் பிறந்தவை. கே.ஐ. என்பது 'கிளாக்ஸ்விக் விளையாட்டுக் கழகம்' என்ற பொருளுடைய ஃபரோயியப் பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே; நிறம் நீலமும் வெள்ளையும். முதல் நாற்பதாண்டுகள் தீவுக்குத் தீவு நட்பு ஆட்டங்களாகக் கழிந்தன. நாடு தழுவிய சாம்பியன் போட்டி 1942இல்தான் தொடங்கியது.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியதும், பிரிட்டன் தன் படையை அனுப்பி ஃபரோ தீவுகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தாய்நாட்டுத் தொடர்பு அறுந்து, துறைமுகங்களில் அந்நியப் படைவீரர்கள் நிறைந்திருந்த அந்தப் போர்க்காலத்தின் நடுவில்தான் தீவுக்காரர்கள் தங்களுக்கென ஒரு சாம்பியன் பட்டத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். முதல் பட்டம் கே.ஐ.க்குச் சென்றது. 1944இல் போட்டியே நடக்கவில்லை. காரணம் ஆடுவதற்குப் பந்து கிடைக்கவில்லை என்பதுதான். ஒரு நாட்டின் சாம்பியன் பட்டியலில் ஓர் ஆண்டு வெறுமையாக நிற்பதற்கு இதைவிட எளிய காரணத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. மறு ஆண்டு பந்து வந்தது. பட்டத்தை மீண்டும் கே.ஐ. எடுத்துக்கொண்டது.

அதன் பிறகு நடந்ததை ஆதிக்கம் என்றே சொல்ல வேண்டும். 1952, 1953, 1954, 1956, 1957, 1958, 1961, பிறகு 1966 முதல் 1970 வரை தொடர்ந்து ஐந்து, 1972இல் ஒன்று. 1942க்கும் 1972க்கும் இடையே நடந்த 30 போட்டிகளில் 15 பட்டங்கள் இந்த ஒரே ஊருக்குப் போயின. தலைநகர்க் கழகம் ஒன்று எதிரே இருந்தும், தலைநகரில் ஆள்பலமும் வசதியும் கூடுதலாக இருந்தும், வடக்கு மூலையில் படகேறி வரவேண்டிய ஓர் ஊர் சரிபாதிப் பட்டங்களை அள்ளிச் சென்றது.

1952 முதல் 1958 வரையிலான பட்டியலில் 1955 மட்டும் விட்டுப்போயிருப்பதைக் கண்டு, அந்த ஆண்டில் கிளாக்ஸ்விக்கில் என்ன நடந்தது என்று தேடினேன். கிடைத்தது கால்பந்துச் செய்தி அன்று. ஊர் மருத்துவமனையில் பணியாற்றிய ஓலாஃப் ஹால்வோர்சென் என்ற மருத்துவரை விலக்கி வேறொருவரை அமர்த்த அதிகாரிகள் முயன்றபோது, ஊரே திரண்டு எதிர்த்தது. படகுகளைக் கொண்டு துறைமுகத்தை அடைத்தார்கள். டென்மார்க்கிலிருந்து காவலர் கப்பலேறி வந்து இறங்கினார்கள். அந்த ஆண்டுப் பட்டம் ஹெச்.பி.க்குச் சென்றது. இரண்டையும் காரணகாரியமாக முடிச்சுப்போட எனக்கு உரிமையில்லை. ஒரு மருத்துவருக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்ற ஊர்தான், அதற்கு முந்தைய மூன்று பட்டங்களையும் பிந்தைய மூன்று பட்டங்களையும் வென்ற ஊர் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இங்கேதான் அந்தக் கேள்வி எழுகிறது. அந்த 15 பட்டங்களை வென்ற அணிகள் எவ்வளவு நல்ல அணிகள்? இதற்கு விடையே கிடையாது. ஐரோப்பியக் கோப்பை 1955இல் தொடங்கியபோதும், சுற்றிலுமுள்ள நாடுகளின் கழகங்கள் ஒவ்வொன்றாக அதில் சேர்ந்தபோதும், ஃபரோ கழகங்களுக்கு அங்கே கதவு இல்லை. தனிக் கால்பந்துச் சங்கமே அவர்களுக்கு 1979இல்தான் அமைந்தது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவில் 1988இலும் ஐரோப்பிய அமைப்பான யூஈஎஃப்ஏவில் 1990இலும்தான் இடம் கிடைத்தது. 1966 முதல் ஐந்தாண்டுகள் நாட்டில் பட்டத்தைப் பறிகொடுக்காத ஓர் அணி, ஒரு முறையாவது நார்வே சாம்பியனையோ ஸ்காட்லாந்து சாம்பியனையோ ஐரோப்பியப் போட்டியில் எதிர்கொண்டிருந்தால் ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்றிருக்கலாம், தோற்காமலும் இருந்திருக்கலாம். கே.ஐ.யின் பொற்காலம் முழுவதும் அளக்க வெளி அளவுகோல் எதுவும் இல்லாத காலத்தில் நடந்து முடிந்துவிட்டது. அதனால் அந்தப் பட்டங்களின் மதிப்புக் குறையும் என்று நான் கருதவில்லை. ஒரு பட்டத்தின் மதிப்பை அதற்காகப் போட்டியிட்டவர்கள்தான் நிர்ணயிக்கிறார்கள்; தோர்ஷவ்ன்காரர்களுக்கு அந்தத் தோல்விகள் எவ்வளவு கசந்தன என்பதற்கு ஐரோப்பா சாட்சி சொல்லத் தேவையில்லை.

கதவு திறந்தபோது கே.ஐ. தளர்ந்திருந்தது என்பது காலத்தின் விளையாட்டு. 1972க்குப் பிறகு 19 ஆண்டுகள் பட்டமே இல்லை. அதற்குள் நாட்டின் கால்பந்து வேறாகிவிட்டது. 1990 செப்டம்பர் 12 அன்று, தேசிய அணி தன் முதல் போட்டி ஆட்டத்திலேயே ஆஸ்திரியாவை 1–0 என்று வென்றது. தீவுகளில் அன்று ஏற்கத்தக்க புல்தரை மைதானம் இல்லாததால் அந்த ஆட்டம் ஸ்வீடனின் லாண்ட்ஸ்க்ரோனாவில் நடந்தது. தோர்கில் நீல்சென் அடித்த கோலும், காப்பாளர் யென்ஸ் மார்ட்டின் க்னுட்சென் அணிந்திருந்த குஞ்சம் வைத்த வெள்ளைக் கம்பளித் தொப்பியும் உலகெங்கும் பேசப்பட்டன. மறு ஆண்டு, 1991இல், கே.ஐ. தன் பதினாறாவது பட்டத்தை வென்றது. அதன் பயனாக 1992இல் சாம்பியன்ஸ் லீகின் முதனிலைச் சுற்றில் அது இறங்கியது. எதிரில் லாட்வியாவின் ஸ்கோன்டோ ரிகா. சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து ஓராண்டே ஆகியிருந்த நாட்டின் சாம்பியன் ஒருபுறமும், ஐரோப்பாவுக்குள் அப்போதுதான் நுழைந்த தீவுகளின் சாம்பியன் மறுபுறமும் நின்ற அந்தச் சந்திப்பில், 1–3, 0–3 என்று இரு ஆட்டங்களிலும் கே.ஐ. தோற்றது. முதன்முதலாக வைக்கப்பட்ட அளவுகோல் காட்டிய எண் அது. பொற்கால அணியின் மீது அந்த அளவுகோல் ஒருபோதும் வைக்கப்படவில்லை.

1999இல் லீகும் கோப்பையும் ஒரே ஆண்டில் கிடைத்தன. பிறகு மறுபடி வறட்சி. இந்த முறை இருபது ஆண்டுகள். ஹெச்.பி. பட்டங்களைச் சேர்த்துக்கொண்டே போனது. 2009 பருவத்தின் முடிவில் கே.ஐ. முதல் பிரிவிலிருந்தே கீழிறங்கி, அடுத்த ஆண்டை இரண்டாம் பிரிவில் கழித்தது. பெரிய நாடுகளில் இப்படி ஒரு மாபெரும் கழகம் இறங்கினால் அதைப் பற்றிப் புத்தகங்களே வரும். இங்கே ஓராண்டில் ஏறி வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் 'வறட்சி' என்று நான் எழுதியது ஆண்கள் அணியின் கணக்கை மட்டும் பார்த்து. இதே கழகத்தின் பெண்கள் அணி 2000 முதல் 2016 வரை, இடையில் ஓராண்டுகூட விடாமல், தொடர்ந்து 17 முறை நாட்டின் சாம்பியனாக இருந்தது. ஆண்கள் பட்டமின்றிக் கிடந்த ஆண்டுகள் 2000 முதல் 2018 வரை. அதாவது, ஊரில் கோப்பை வராத காலம் என்று எந்த ஆண்டுகளைச் சொல்கிறார்களோ, ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் அந்த ஊருக்குக் கோப்பை தவறாமல் வந்துகொண்டிருந்தது. பெண்கள் அணி ஐரோப்பியத் தகுதிச்சுற்றுகளுக்கும் ஆண்டுதோறும் போய்வந்தது. 2023இல் வந்த நீண்ட கட்டுரைகளில் இதைக் குறிப்பிட்டவை மிகச் சில. நானும் முதல் இரண்டு வாரங்கள் இதை அறியாமல் "இருபதாண்டு இருட்டு" என்றே நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இடைப்பட்ட காலத்தில் தீவுகளின் தரையமைப்பும் மாறியது. 2006 வரை, கிளாக்ஸ்விக்குக்குச் செல்ல ஈஸ்டுரோய் தீவின் லேர்விக்கில் படகேற வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் கடலடியில் 6 கிலோமீட்டருக்குச் சற்றே நீளமான சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. 2020 இறுதியில் ஈஸ்டுரோய்க்கும் தலைநகர்த் தீவுக்கும் இடையே இன்னொன்று. வேலை முடிந்து மாலையில் பயிற்சிக்கு வருபவருக்கும், வேறு தீவில் குடியிருந்துகொண்டு இங்கே ஆட விரும்புபவருக்கும் இதன் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள். மைதானங்களும் அவ்வாறே மாறின. சரளைத் தரையிலும் சேற்றிலும் ஆடிய தலைமுறைக்குப் பின், மழையிலும் காற்றிலும் ஆண்டு முழுவதும் பயன்படும் செயற்கைப் புல்தரை ஊருக்கு ஊர் வந்தது. சால்மன் மீன் வளர்ப்பும் ஏற்றுமதியும் தீவுகளுக்குக் கொண்டுவந்த வளம் கழகங்களின் புரவலர் பட்டியலிலும் தெரிந்தது. மிக்கியால் தொமாசென் பல ஆண்டுகள் பயிற்றுவித்த கே.ஐ. 2019இல் இருபதாண்டுக் காத்திருப்பை முடித்தது. 2021, 2022 பட்டங்களையும் வென்றது.

நடுவில் 2020இல் நடந்தது ஒரு விநோதம். பெருந்தொற்றுக் காலத்தில் சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றுக்காகத் தீவுகளுக்கு வந்திறங்கிய ஸ்லோவாக்கியாவின் ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா அணியில் தொற்று கண்டறியப்பட்டு, அணி தனிமைப்படுத்தப்பட்டது. அவர்கள் அவசரமாக வேறொரு குழுவை அனுப்பினார்கள். அதிலும் ஒருவருக்குத் தொற்று. ஆட்டம் நடக்காமலேயே கே.ஐ. 3–0 என்று வென்றதாக அறிவிக்கப்பட்டது. காகிதத்தில் கிடைத்த அந்த வெற்றியைக் கேலி செய்ய யாருக்கும் அதிக நாள் வாய்க்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்னில் யங் பாய்ஸிடம் 1–3 என்று தோற்று, இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீகின் தகுதிச்சுற்றுக்கு மாறியதும், ஜார்ஜியாவின் டினாமோ திபிலிசியை 6–1 என்று கே.ஐ. நொறுக்கியது. இன்னும் ஒரே ஆட்டம் வென்றிருந்தால் குழுநிலை. டப்ளினில் அயர்லாந்தின் டண்டாக்கிடம் 1–3 என்று அது கைநழுவியது.

ஆகவே 2023 கோடை வானத்திலிருந்து விழவில்லை. தொமாசென் நார்வேயின் ஃப்ரெட்ரிக்ஸ்டாட் கழகத்துக்குச் சென்றுவிட, அவர் இடத்துக்கு நார்வேக்காரர் மக்னே ஹோசெத் வந்திருந்தார். ஃபெரென்ஸ்வாரோஷுக்கு எதிரான முதல் ஆட்டம் தீவுகளில் 0–0. ஒரு வாரம் கழித்து புடாபெஸ்ட்டில் ஆர்னி ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் இரண்டு, லூக் காசி ஒன்று. அன்றிரவே ஹங்கேரிக் கழகம் தன் பயிற்றுநர் ஸ்டானிஸ்லாவ் செர்செசோவைப் பதவி நீக்கியது. ரஷ்யாவை 2018 உலகக் கோப்பையில் காலிறுதிவரை கொண்டுசென்றவர் அவர்.

அடுத்து ஸ்வீடன் சாம்பியன் ஹேக்கென். சொந்த மண்ணில் மறுபடி 0–0, கோத்தன்பர்க்கில் கூடுதல் நேரத்துக்குப் பின்னும் 3–3, பெனால்டியில் 4–3. அந்த ஆட்டத்தைத்தான் நான் முதன்முதலாக நேரலையில் பார்த்தேன். அந்தப் பெனால்டிகளோடு ஒரு செய்தி உறுதியாயிற்று: இனி எத்தனை தோற்றாலும், இலையுதிர் காலத்தில், மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீகின் குழுநிலையிலாவது கே.ஐ.க்கு இடமுண்டு. எந்த ஃபரோ கழகமும் அதற்கு முன் எந்த ஐரோப்பியப் போட்டியின் குழுநிலையையும் எட்டியதில்லை. மூன்றாம் சுற்றில் நார்வே சாம்பியன் மோல்டெ. ஹோசெத் பல ஆண்டுகள் ஆடிய அதே கழகம். முதல் ஆட்டத்தை 2–1 என்று வென்று, மறு ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் 0–2 என்று வெளியேறினார்கள். பின்னர் யூரோப்பா லீகுக்கான இறுதித் தகுதிச்சுற்றில் மால்டோவாவின் ஷெரிஃப் திராஸ்போலிடம் இரு ஆட்டங்களும் சேர்ந்து 2–3.

குழுநிலை ஆட்டங்களைக் கிளாக்ஸ்விக்கில் நடத்த முடியவில்லை; யூஈஎஃப்ஏவின் விதிகளுக்கு ஏற்ற மைதானம் தோர்ஷவ்னில்தான் இருந்தது. நூறாண்டுப் போட்டியாளரான ஹெச்.பி.யின் ஊருக்குப் போய், அங்கே 'சொந்த மண்' ஆட்டம் ஆட வேண்டிய நிலை. அக்டோபர் 5 அன்று, இரண்டாண்டுகளுக்கு முன் பிரான்சின் சாம்பியனாக இருந்த லீல், 90 நிமிடம் முட்டியும் கோல் காண முடியாமல் 0–0 என்று திரும்பியது. அக்டோபர் 26 அன்று ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா லியூப்லியானாவை 3–0 என்று வென்றார்கள். மற்ற நான்கும் தோல்விகள். அவற்றில் இரண்டு அதே ஸ்லோவான் பிராட்டிஸ்லாவாவிடம், இரண்டுமே 1–2. மூன்றாண்டுகளுக்கு முன் களமிறங்காமலே தோற்றதாக எழுதப்பட்ட கணக்கை அவர்கள் களத்தில் தீர்த்துக்கொண்டார்கள். கே.ஐ. 4 புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடித்தது.

கடைசி இடம்தான், ஆனால் குழுநிலையை எட்டிய கழகத்துக்குத் தரப்படும் 29.4 லட்சம் யூரோவும், ஒரு வெற்றிக்கும் ஒரு சமனுக்கும் உரிய தொகையும் சேர்ந்து ஏறத்தாழ 36 லட்சம் யூரோ வந்தது. தகுதிச்சுற்றுகளின் தொகை இதில் சேராது. ஸ்பெயினிலோ ஜெர்மனியிலோ இது ஒரு சாதாரண ஆட்டக்காரரின் விலை. 54,000 பேர் வாழும் நாட்டில், பத்து அணிகள் ஆடும் லீகில், ஒரே அணியின் பெட்டியில் இது விழும்போது நிலைமை வேறு. எனக்கு இந்த இடத்தில் மகிழ்ச்சியைவிடக் கவலையே மிகுந்தது. ஐரோப்பாவின் பல சிறிய லீகுகளில், ஒரு கழகம் ஒருமுறை குழுநிலைப் பணத்தைத் தொட்டபின் உள்நாட்டுப் பட்டம் அதன் குடும்பச் சொத்தாகிவிட்டதைப் பார்த்திருக்கிறோம். 2023இன் உள்நாட்டுப் பட்டத்தையும் கே.ஐ.யே வென்று, எண்ணிக்கையை 21ஆக உயர்த்தி, ஹெச்.பி.யின் 24ஐ நெருங்கியிருந்தது. ஐம்பதுகளும் அறுபதுகளும் திரும்ப வரப்போகின்றன, இந்த முறை பணத்தின் துணையோடு, என்றுதான் நான் எண்ணினேன்.

2024இன் பட்டம் விகிங்குர் கழகத்துக்குப் போனது. ஈஸ்டுரோய் தீவில் கோத்தா, லேர்விக் என்ற இரு சிற்றூர்களின் அணிகள் 2008இல் இணைந்து உருவான கழகம் அது. லேர்விக் என்றால், முன்பு கிளாக்ஸ்விக் செல்பவர்கள் படகேறிய அதே துறை. இன்று கடலடிச் சுரங்கத்தின் மறுவாயில். லீலை 0–0 என்று திருப்பியனுப்பிய அணியிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர்கள், காரில் பத்து நிமிடத் தொலைவில் இருந்தார்கள்.